வசந்த காலத்துல பார்க்குலயும் குளத்துலயும் பறவை பார்க்க ஆரம்பிக்கிறது எப்படி

பறவை பார்க்கணும்னா காட்டுக்குப் போகணும், சரணாலயத்துக்குப் போகணும், லீவு போடணும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. வசந்த காலத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. சின்னப் பறவைங்கள்ல பெரும்பாலானது ராத்திரிலதான் வலசை போகும், விடியற நேரத்துல எங்கயாவது எறங்கி ஓய்வெடுத்து தின்னுட்டுதான் அடுத்த ராத்திரி கிளம்பும். அப்படி எறங்கும்போது கீழ முழுக்க கட்டடமும் ரோடுமா இருந்து நடுவுல ஒரே ஒரு பச்சைத் திட்டும் கொஞ்சம் தண்ணியும் தெரிஞ்சா எல்லாம் அங்கதான் வந்து குவியும். நியூயார்க்ல நட்ட நடு நகரத்துல இருக்கற சென்ட்ரல் பார்க்ல 200க்கும் மேல பறவை வகைகள் பதிவாகியிருக்கு, உலகம் முழுக்க இருந்து ஆளுங்க வசந்தத்துல அங்க பைனாகுலரோட வந்து நிக்கறாங்க. உங்க வீட்டுக்குப் பக்கத்துப் பார்க் அவ்வளவு பெருசா இல்லாம இருக்கலாம், ஆனா அங்க நடக்கற விஷயம் அதேதான்.

நான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போறது ஒண்ணே ஒண்ணுதான்: ஊர் ஊரா ஓடாதீங்க, ஒரே ஒரு குளத்தைப் பிடிங்க, வசந்தம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பாருங்க. ஏன்னு கேட்டா, இந்த சீசன்ல பறவை வாரா வாரம் மாறும். நீங்க அசையாம ஒரே எடத்துல இருந்தாத்தான் அந்த மாற்றம் கண்ணுல படும்.

முதல்ல, வசந்தத்துல அப்படி என்னதான் நடக்குது

நீங்க குளிர்ப் பிரதேசத்துல இருந்தா குளிர்காலத்துக்கு வேற எங்கயோ போயிருந்த பறவைங்க இப்ப திரும்பி வரும். வெப்பப் பகுதில இருந்தா நேர் எதிர்ப்பக்கம் பார்ப்பீங்க, குளிர்காலம் முழுக்க உங்க குளத்துல இருந்த விருந்தாளிங்க வடக்க கிளம்பத் தயாராகும், கிளம்பறதுக்கு முன்னாடி நல்லா தின்னு கொழுப்பு ஏத்திக்கும், நிறைய வகைங்க இனப்பெருக்கக் கால இறகுக்கு மாறிட்டுதான் போகும். ரெண்டு எடத்துலயும் உள்ளூர்ப் பறவைங்க ஜோடி சேர்ந்து, சண்டை போட்டு, கூடு கட்டற வேலைல இருக்கும். மொத்தத்துல எந்தப் பறவையும் சும்மா இருக்காது, புதுசா பார்க்க வர்றவங்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது.

இதுக்கெல்லாம் எது அலாரம் அடிக்குதுன்னா, வெயில் சூடு ஏறுறது இல்ல, பகல் நீளம்தான் முக்கியம். 1920கள்ல கனடால வில்லியம் ரோவன்னு ஒரு விஞ்ஞானி, உறையற குளிர்ல வெளிக்கூண்டுல ஜுங்கோங்கற குட்டிப் பறவைங்களை வெச்சு, மின்விளக்கு போட்டு பகலை மட்டும் செயற்கையா நீட்டிப் பார்த்தாரு. அந்தக் குளிர்லயும் அதுங்க உடம்பு வசந்தம் வந்துட்ட மாதிரி இனப்பெருக்கத்துக்குத் தயாராச்சு. அதனால வெளில இன்னும் குளிருதே, இன்னும் வெயில் வரலையேன்னு நீங்க காத்திருக்காதீங்க, பறவைங்க காத்திருக்காது.

எந்தக் குளம், எந்த நேரம்

நடந்தோ சைக்கிள்லயோ சீக்கிரம் போயிட்டு வர்ற தூரத்துல இருக்கணும், அதுதான் முதல் தகுதி. அழகான குளம் தூரமா இருந்தா ரெண்டு தடவை போவீங்க, அப்புறம் விட்டுருவீங்க. அடுத்து கரையைப் பாருங்க. நாலு பக்கமும் கல்லும் சிமெண்டும் வெச்சுக் கட்டின குளத்தைவிட ஒரு பக்கமாவது கோரை, நாணல், புதர், தண்ணில சாய்ஞ்ச மரக்கிளை, கொஞ்சம் சேறு இருக்கற குளம் ரொம்ப மேல். தண்ணி ஓரத்துச் சேறு பார்க்க அசிங்கமா இருக்கும், ஆனா உள்ளான்ங்கற கரைப் பறவை வகையெல்லாம் அங்கதான் மேயும், பார்க்கை அழகுபடுத்தறோம்னு அந்த ஓரத்தைச் சுரண்டி எடுத்துட்டாங்கன்னா அதுங்க அப்படியே காணாமப் போயிரும்.

நேரம் விடியற்காலைதான். சூரியன் வந்த முதல் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மரத்துப் பறவைங்க அதிகமா பாடும், அதிகமா அசையும். நகரத்துல இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, வண்டிச் சத்தம் அப்போதான் கம்மி. 2003ல நெதர்லாந்துல லெய்டன் நகரத்துல பட்டாணிக்குருவிங்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, சத்தம் அதிகமா இருக்கற எடத்துல இருக்கற குருவிங்க பாட்டோட சுருதியையே ஏத்திப் பாடுதுன்னு கண்டுபிடிச்சாங்க, ஏன்னா வண்டிங்களோட இரைச்சல் கீழ்ச் சுருதியைத்தான் மூடும். பறவைக்கே கேட்க கஷ்டமா இருக்கற நேரத்துல நமக்கு எங்க கேட்கும்? காலைல எழுந்திரிக்க முடியாதவங்க சாயங்காலம் போங்க, பரவாயில்ல, கொக்கும் நீர்க்காகமும் அடைய வர்ற நேரம் அது. நீர்ப்பறவைங்களைப் பொறுத்தவரைக்கும் மத்தியானம்கூட ஏதாவது இருக்கும்.

சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி கரையைத் தேர்ந்தெடுங்க. எதிர்ல சூரியன் இருந்தா எல்லாப் பறவையும் கருப்பு நிழலாத்தான் தெரியும், தலையைப் பிச்சுக்க வேண்டியதுதான். ராத்திரி மழை பெய்ஞ்சு விட்ட காலைய மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீங்க, மேல பறந்துகிட்டு இருந்ததெல்லாம் மழைக்கு எறங்கி பார்க்குல உக்காந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பைனாகுலர் விஷயம்

இல்லாமலும் ஆரம்பிக்கலாம், பார்க் பறவைங்க மனுஷனைப் பார்த்துப் பழகினது, பக்கத்துலயே நிக்கும். ஆனா வாங்கறதா இருந்தா அதுல எழுதியிருக்கற நம்பரைப் புரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. 8x42ன்னு இருந்தா 8 மடங்கு பெருசா காட்டும், முன் கண்ணாடியோட அகலம் 42 மில்லிமீட்டர். 10, 12ன்னு பெரிய நம்பரா போனா நல்லா தெரியும்னு தோணும், ஆனா கை நடுக்கமும் அதே மடங்குல பெருசாகும், பார்க்கற பரப்பும் சுருங்கும், கிளைக்குள்ள ஓடற குட்டிப் பறவையைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள அது போயிருக்கும். அதனால புதுசா வர்றவங்களுக்கு 8தான் என் கருத்து. 42ஐ 8ஆல வகுத்தா 5.25, அவ்வளவு மில்லிமீட்டர் அகல வெளிச்சம் உங்க கண்ணுக்கு வந்து சேரும், மங்கலான விடியல்ல இது உதவும். 8x32ல அது 4 மில்லிமீட்டர், பகல்ல நம்ம கண்பாவை அதைவிடச் சுருங்கித்தான் இருக்கும், அதனால பகல்ல மட்டும் போறவங்களுக்கு எடை கம்மியான 32 தாராளமா போதும்.

வாங்கினவங்கள்ல பாதிப் பேர் செய்யாம விடற வேலை ஒண்ணு இருக்கு, அது நம்ம கண்ணுக்கு ஏத்த மாதிரி செட் பண்றது. முதல்ல ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு ஒரே வட்டமா தெரியற வரைக்கும் கொண்டு வாங்க. அப்புறம் வலது பக்க முன் கண்ணாடியை கையால மூடிட்டு, தூரத்துல எழுத்து இருக்கற ஏதாவது போர்டை இடது கண்ணால பார்த்து நடு வீல் சுத்தி கூர்மையாக்குங்க. இப்ப இடது பக்கத்தை மூடிட்டு, நடு வீலைத் தொடாம, வலது கண் பக்கம் இருக்கற சின்ன வளையத்தை மட்டும் சுத்தி அதே எழுத்தைக் கூர்மையாக்குங்க. சில மாடல்ல அந்த வளையம் வேற எடத்துல இருக்கும், அதைத் தேடிப் பிடிச்சுக்கோங்க. அவ்வளவுதான், இனிமே எப்பவும் நடு வீல் மட்டும் போதும். இதைச் செய்யாம தலை வலிக்குது, மங்கலா இருக்குன்னு பைனாகுலரைப் பெட்டிக்குள்ள போட்டவங்க நிறைய. கண்ணாடி போட்டிருக்கறவங்க கண் பக்கத்து ரப்பர் கப்பை உள்ள இறக்கிட்டுப் பாருங்க, போடாதவங்க வெளில இழுத்து வெச்சுக்கோங்க.

பறவையைப் பிடிக்கறதுக்கு பைனாகுலரை வெச்சுக்கிட்டு மரம் முழுக்கத் தேடாதீங்க. வெறுங்கண்ணால பறவையைப் பாருங்க, பார்வையை எடுக்கவே எடுக்காம பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாங்க, பறவை உள்ளயே இருக்கும். வீட்டு ஜன்னல்ல இருந்து இலை, கம்பம்னு பிடிச்சுப் பழகுங்க, சீக்கிரமே கை வந்துரும்.

குளத்தங்கரைல முதல் நாள்

போனதும் சுத்த ஆரம்பிக்காதீங்க. ஒரு எடத்துல நில்லுங்க இல்லன்னா உக்காருங்க, ஒரு பத்து நிமிஷம் சும்மா இருங்க. நீங்க வந்தப்போ புதருக்குள்ள போனதெல்லாம் ஒவ்வொண்ணா வெளில வரும். பளிச்சுனு இருக்கற சட்டை வேண்டாம், போன் சைலண்ட்ல இருக்கட்டும், கையை நீட்டி நீட்டிக் காட்டறதைக் குறைச்சுக்கோங்க.

ஒரு பறவையைப் பார்த்ததும் இது என்ன பேருன்னு தேட அவசரப்பட்டா புத்தகத்தைப் புரட்டறதுக்குள்ள பறவை பறந்துரும், படம் மட்டும் இருக்கும். முதல்ல பறவையைப் பாருங்க, பேரு அப்புறம். பார்க்கும்போது அளவுல ஆரம்பிங்க, சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கா அளவா. அப்புறம் உருவம், கால் நீளமா, கழுத்து நீளமா, அலகு ஊசி மாதிரியா தட்டையா கொக்கியா. அதுக்கப்புறம் என்ன பண்ணுது, முழுகுதா, நடக்குதா, வாலை ஆட்டுதா. நிறத்தைக் கடைசில வெச்சுக்கோங்க, ஏன்னா வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி நிறம் ஏமாத்தும், உருவமும் நடத்தையும் ஏமாத்தறது ரொம்பக் கம்மி.

நடத்தையை வெச்சே பாதி வேலை முடியும்னு சொல்றதுக்கு சில உதாரணம். வாத்துங்கள்ல தலையைத் தண்ணிக்குள்ள விட்டு பின்பக்கத்தை மட்டும் மேல தூக்கி மேயறது ஒரு கூட்டம், முழு உடம்பும் உள்ள போயி வேற எடத்துல வந்து எழும்பறது இன்னொரு கூட்டம், இது தெரிஞ்சாலே புத்தகத்துல பாதிப் பக்கம் கழிஞ்சிரும். கரைல நடக்கும்போது உடம்போட பின்பாதியை விடாம மேலயும் கீழயும் ஆட்டிக்கிட்டே இருக்கற பழுப்புப் பறவை உள்ளானா இருக்கலாம், புல்தரைல ஓடி ஓடி நின்னு நீள வாலை ஆட்டினா வாலாட்டி. நீளக் கழுத்துப் பறவை பறக்கும்போது கழுத்தை எஸ் மாதிரி மடக்கி வெச்சிருந்தா கொக்குக் குடும்பம், கழுத்தை நேரா நீட்டி வெச்சிருந்தா நீர்க்காகமாவோ அரிவாள் மூக்கனாவோ வேற ஏதாவதாவோ இருக்கும்.

கருப்பு உடம்பு, நெத்தில வெள்ளைப் பட்டை, அது நாமக்கோழி. கிட்டத்தட்ட அதே அளவு, நெத்தி சிவப்பு, அலகு நுனி மட்டும் மஞ்சள், பக்கவாட்டுல வெள்ளைக் கோடு, அது தாழைக்கோழி. இது ரெண்டும் நிறைய நாட்டுக் குளத்துல உண்டு, ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. வசந்தத்துல நாமக்கோழிங்க எல்லைக்காகப் போடற சண்டையை ஒரு தடவையாவது முழுசா பாருங்க, தலையைத் தண்ணி மட்டத்துக்குத் தாழ்த்திக்கிட்டு ஒண்ணை நோக்கி ஒண்ணு வரும், அப்புறம் பின்னால சாய்ஞ்சு உக்காந்த மாதிரி இருந்துகிட்டு ரெண்டு காலாலயும் உதைச்சுக்கும், தண்ணி தெறிக்கும், தோத்தது தண்ணி மேலயே ஓடித் தப்பிக்கும். அந்த நேரத்துல காலைக் கவனிங்க, விரலுக்கு ரெண்டு பக்கமும் இலை இலையா சதைத் தோல் இருக்கும், வாத்து மாதிரி விரல்களைச் சேர்க்கற ஜவ்வு இருக்காது. குஞ்சு வந்தா தலை செக்கச்செவேல்னு ஆரஞ்சா இருக்கும், இது அந்த அம்மாவோட பிள்ளையான்னு நம்பவே முடியாது.

ஆனா வசந்தத்துல எனக்கு எல்லாத்தையும்விடப் பிடிச்சது முக்குளிப்பான்தான். குளிர்காலத்துல மங்கின பழுப்புல, வால் இருக்கறதே தெரியாம, வாத்துக்குஞ்சுன்னு ஆளுங்க கடந்து போற ஒரு பறவை. வசந்தம் வந்ததும் கன்னமும் கழுத்தும் செம்பழுப்பா மாறும், அலகு ஆரம்பிக்கற எடத்துல மஞ்சள் புள்ளி ஒண்ணு பளிச்சுனு வந்து உக்காரும், பைனாகுலர்ல அதைப் பார்த்துட்டீங்கன்னா சந்தேகமே வேண்டாம். கூடவே ஒரு சத்தம், நீளமா நடுங்கற கீச்சுச் சத்தம், ஜோடியா சேர்ந்து போடும். தண்ணில மிதக்கற செடிங்களை வெச்சு மிதக்கற கூடுதான் கட்டும், கூட்டை விட்டு எறங்கும்போது முட்டை மேல பாசியையும் செடியையும் இழுத்து மூடிட்டுப் போகும். ஒரு குப்பை மேடு மிதக்குதுன்னு நீங்க நினைச்சது கூடா இருக்கும். குஞ்சுங்களை முதுகுல ஏத்திக்கிட்டு நீந்தறதைப் பார்க்கக் கிடைச்சா அன்னிக்கு நாள் முழுக்க அது போதும்.

கொக்குங்களும் இப்ப ஆளே மாறும். உண்ணிக்கொக்குக்கு வெள்ளைத் தலையும் முதுகும் காவி கலந்த ஆரஞ்சா மாறும். சின்னக் கொக்குக்கு பின்தலைல ரெண்டு நீள இறகும் முதுகுல மெல்லிசா இழை இழையா இறகும் தொங்கும். இந்த முதுகு இறகு ஒரு காலத்துல கொக்குங்களுக்கே எமனா இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டு கடைசில பெண்கள் தொப்பில வைக்கறதுக்காக உலகம் முழுக்க கொக்குங்களைக் கொன்னு குவிச்சாங்க, இந்த இறகு இனப்பெருக்க சமயத்துலதான் நல்லா வளர்ந்திருக்கும்ங்கறதால கூட்டுல குஞ்சு இருக்கும்போதே தாயையும் தகப்பனையும் சுட்டாங்க. அதை எதிர்த்துதான் இங்கிலாந்துல 1889ல பெண்கள் சேர்ந்து ஆரம்பிச்ச சங்கம் பின்னாடி அந்த நாட்டோட பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பா வளர்ந்துச்சு. அடுத்த தடவை குளத்தோரத்துல காத்துல அந்த இறகு ஆடறதைப் பார்க்கும்போது இதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பகல்ல மரத்துக்குள்ள குந்திக்கிட்டு தூங்கற குண்டுப் பறவை, கருப்பு முதுகு, கருப்பு உச்சந்தலை, சிவப்புக் கண்ணுன்னா அது வக்கா, இருட்டற நேரத்துல க்வாக்னு ஒத்தைச் சத்தம் போட்டுக்கிட்டுக் கிளம்பும். வாத்துங்கள்ல ஆண் இப்ப முழு அலங்காரத்துல இருக்கும், நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைப் பட்டை, தட்டைவாயனுக்குக் கரண்டி மாதிரி அலகு, கூட்டமா வட்டமடிச்சு நீந்திக்கிட்டே தண்ணியை வடிகட்டித் தின்னும். தண்ணி மேல தாழ்வா வெட்டி வெட்டிப் பறக்கற, வால் கத்தரிக்கோலாப் பிரிஞ்சது தகைவிலான். அது கம்பில உக்காரும், ஆனா பறக்கும்போது அதே மாதிரி தெரியற உழவாரன் கம்பில உக்காரவே உக்காராது, அதுங்க கால் அமைப்பே அப்படி, செங்குத்தா ஒட்டிக்கத்தான் முடியும்.

காதையும் பழக்குங்க

மரத்துல இலை அடர்ந்துட்டா கண்ணுக்கு வேலை கம்மி, காதுதான். எல்லாப் பாட்டையும் ஒரேயடியா கத்துக்க முடியாது, ஒரு நாளைக்கு ஒரு சத்தம் போதும். கேட்ட சத்தத்தைப் பின்தொடர்ந்து போயி அதைப் பாடற பறவையைக் கண்ணால பார்த்துருங்க, அலகு திறந்து மூடறதையும் சத்தத்தையும் ஒண்ணா பார்த்துட்டா அது மறக்கவே மறக்காது.

மெர்லின்னு ஒரு ஆப் இருக்கு, அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவையியல் ஆய்வகம் இலவசமா குடுக்கறது. 2021ல இருந்து போன் மைக்ல சத்தத்தைக் கேட்டு பேர் சொல்ற வசதியும் அதுல வந்துருச்சு. ரொம்ப நல்ல உதவி, கண்டிப்பா போட்டுக்கோங்க, ஆனா அது சொல்ற பேரைத் தீர்ப்பா எடுத்துக்காதீங்க, குறிப்பாத்தான் எடுத்துக்கணும். குரலைக் காப்பியடிக்கற பறவைங்க இருக்கு, பின்னாடி ஹார்ன் சத்தம் இருக்கு. ஆப் சொல்லுச்சு, நீங்க கண்ணாலயும் பார்த்தீங்கன்னா மட்டும் லிஸ்ட்ல எழுதுங்க.

வசந்தத்துல பண்ணவே கூடாதது

பறவை வெளில வரணும்னு போன்ல அதோட பாட்டைப் போட்டு விடாதீங்க. எதிரி வந்துட்டான்னு நினைச்சு தின்றதையும் கூட்டையும் விட்டுட்டு அது தேடி அலையும், இந்த சீசன்ல அதுக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். கூட்டைப் பார்த்தா தூரமா நின்னு பார்த்துட்டு நகர்ந்துருங்க. பக்கத்துல போயி இலையை ஒதுக்கி போட்டோ எடுத்தா நீங்க போன தடத்தைப் பார்த்துட்டே காக்காயும் பூனையும் போகும். போட்டோ போட்டாலும் கூடு இருக்கற எடத்தை எழுதாதீங்க. பறவை உங்களையே பார்த்துக் கத்திக்கிட்டே இருந்தா, வாய்ல இரையோட வந்து கூட்டுக்குப் போகாம தயங்கினா, நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம், பின்னால போங்க.

வாத்துக்கு பிரட் போடறதையும் விட்டுருங்க. வயிறு ரொம்பும், சத்து கிடையாது, மிச்சம் தண்ணில அழுகும். குழந்தைங்க ஆசைப்படுவாங்கதான், அவங்களுக்கு பைனாகுலரைக் குடுங்க.

இறகு முளைச்ச குஞ்சு ஒண்ணு தரைல உக்காந்திருந்தா பாவம்னு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. பறக்கப் பழகற வயசுல நிறைய குஞ்சுங்க கூட்டை விட்டு எறங்கி தரைலதான் இருக்கும், தாய் தகப்பன் பக்கத்துல எங்கயோ இருந்து ஊட்டிக்கிட்டுதான் இருக்கும், நீங்க நிக்கறதாலதான் வராம இருக்கும். நடைபாதைல, வண்டி வர்ற எடத்துல இருந்தா மட்டும் எடுத்துப் பக்கத்துப் புதர்ல விடுங்க. மனுஷன் கை பட்டா தாய் சேர்த்துக்காதுன்னு சொல்றது உண்மை இல்ல.

எழுதி வைக்கறது

ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், வானிலை, என்ன பார்த்தீங்க, எத்தனை, என்ன பண்ணுச்சு. பேர் தெரியாததை கோணல்மாணலா வரைஞ்சு வையுங்க, அலகு இப்படி, வால் இப்படின்னு அம்புக்குறி போட்டு எழுதுங்க, வரையணும்னு உக்காரும்போதுதான் கண் உண்மையிலேயே பார்க்கும்.

கொஞ்சம் பழகினதும் ஈபேர்டுங்கற பறவைப் பதிவு ஆப்லயும் போடுங்க, 2002ல ஆரம்பிச்சது, உலகம் முழுக்க சாதாரண ஆளுங்க போடற லிஸ்ட்டை விஞ்ஞானிங்க பயன்படுத்தறாங்க. ஆப்ல ஆரம்பின்னு அழுத்திட்டு, பார்த்ததை எண்ணிப் போட்டு, முடிக்கும்போது அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் போட்டீங்களான்னு ஒரு கேள்வி வரும். காக்கா, புறா, மைனா எதையும் விடாம போட்டிருந்தா ஆமான்னு சொல்லுங்க, அபூர்வமானதை மட்டும் போட்டிருந்தா இல்லன்னு சொல்லுங்க. இந்த ஒரு பதில்லதான் உங்க லிஸ்ட்டோட மதிப்பு இருக்கு, ஒரு பறவை பேர் லிஸ்ட்ல இல்லன்னா அது அங்க கண்ணுல படலைன்னு அவங்க எடுத்துக்கறதே இதை வெச்சுதான். பெரிய கூட்டத்தை எண்ணும்போது முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு எடம் அடைக்குதுன்னு கண்ணால அளந்து, அதே அளவு எத்தனை தடவை வருதுன்னு பாருங்க.

நோட்டுல ரெண்டு தேதியை மட்டும் தனியா கோடு போட்டு வையுங்க, ஒவ்வொரு வலசைப் பறவையையும் இந்த வசந்தத்துல முதல்ல பார்த்த நாள், கடைசியா பார்த்த நாள். கடைசி நாள் அன்னிக்கு இதுதான் கடைசின்னு தெரியாதுங்கறதால ஒவ்வொரு தடவையும் எழுதித்தான் ஆகணும். மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் தினம், 2006ல இருந்து நடக்குது, அன்னிக்கு உங்க குளத்துக்குப் போக ஒரு நேரத்தை இப்பவே ஒதுக்கி வெச்சுக்கோங்க, உங்க ஊர்ல வலசை முடிஞ்சிருந்தாலும் சரி, யார் யார் இன்னும் கிளம்பலைன்னு பார்த்து எழுதிரலாம்.